தண்டியடிகளின் கயிறும் திருவாமாத்தூர்க் கண்காட்டுவாரும்

பெரியபுராணத்துத் தண்டியடிகள் வரலாற்றை விளக்கும் உரைகளும் சொற்பொழிவுகளும் பெரும்பாலும் அதன் முடிவிலேயே நிலைகொள்வன. பிறவியிலேயே புறக்கண் ஒளியிலாத அடியார் ஒருவர் திருவாரூர்த் திருக்குளத்தில் மூழ்கிக் கண்பெற்று எழுந்தார் என்பதனைக் கூறி, அகக்கண் புறக்கண் என்னும் வேற்றுமையை விரித்து, அவ்வளவில் அமைவர். அக்குளத்தை அவர் எவ்வாறு தோண்டினார் என்பதனைச் சேக்கிழார் கூறியிருக்கின்றார். கூறியதனைப் பயின்றோர் பலர். நின்று நோக்கினோர் சிலரே. பார்வையற்றோர் பற்றித் தமிழ் நூல்களும் கல்வெட்டும் தனிப்பாடலும் கூறுவனவற்றுள், அற்புதமும் அகக்கண்ணும் ஆகியவற்றை விடுத்து, அவர்க்கு அமைந்திருந்த துணைகள் யாவை என்னும் ஒன்றனையே ஈண்டு ஆராய விரும்புகின்றோம். இவ்வாராய்ச்சி பழமையோடு நின்றுவிடுவதன்று. இன்று தமிழை முதன்மைப் பாடமாகக் கொண்டு பயிலும் பார்வையற்ற மாணாக்கர் நம் வகுப்புகளில் இருக்கின்றனர் என்பதனை நினைவிற் கொண்டே இதனை எழுதுகின்றோம்.

சங்க நூலிலிருந்து தொடங்குதல் முறை. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியை நோக்கிப் பாடிய புறநானூற்று 28-ஆம் பாட்டில், மக்கட் பிறப்பின் எண்வகைக் குறைகள் எண்ணப்படுகின்றன. அவற்றுள் முதற்கண் நிற்பது சிதடு. கண்ணிலாமையைக் குறித்த அச்சொல், ஊதியம் இல்லாப் பிறப்புகளின் நிரலில் ஒன்றாக வருகின்றது. புலவர் கருத்து அரசனுக்கு அறம் பொருள் இன்பங்களை உணர்த்துதலேயன்றிக் குறையுடையாரைப் பழித்தலன்று என்று அமைதி கூறலாம். கூறினும், அப்பாட்டில் சிதடு என்பது ஒரு வகைப்பெயராகவே உள்ளது. சிதடனாகிய ஒரு மனிதன் அங்கே இல்லை. அவன் என்ன தொழில் செய்தான், யார் தோளைப் பற்றி நடந்தான் என அறியப் பாட்டில் இடமில்லை.

சேக்கிழாரிடம் வரும்பொழுது நிலை முற்றும் வேறாகின்றது. தண்டியடிகள் திருவாரூர்க் கோயிலை வலம் வருபவர், ஐந்தெழுத்தை ஓதுபவர். கோயிலின் மேற்பாலுள்ள குளம் சமணர் குடியிருப்புகளால் இடங்குறைந்து கிடத்தலை உணர்ந்து, அதனைத் தாமே தோண்டிப் பெருக்க எழுகின்றார். தோண்டும் குழியில் ஒரு தறியை நட்டு, அதனிற் கட்டிய கயிற்றைக் கரையிலும் பொருந்தக் கட்டி, அக்கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி, மண்ணை வெட்டிக் கூடையிற் சுமந்து, அதே கயிற்றைத் தடவியவாறே கரையேறிக் கொட்டினார் என்பது புராணச் செய்தி. இதனிற் புலவரின் கற்பனை எவ்வளவு, செவிவழிச் செய்தி எவ்வளவு என்று பிரித்தறிய இயலாது. ஆயினும், கண்ணிலார் ஒருவர் மண்வேலை செய்வதனை எங்கேனும் கண்டிராத புலவர்க்கு இக்கயிறு தோன்றியிராது என்பது எம் கருத்து. அற்புதம் செய்தற்கு இக்கயிறு வேண்டுவதேயில்லை. இறைவன் அருளால் தடுமாறாது நடந்தார் என்று ஓரடியில் முடித்திருக்கலாம். சேக்கிழார் அவ்வாறு முடித்திலர்.

கதையின் திருப்பமும் அக்கயிற்றிலேயே உள்ளது. மண்ணைத் தோண்டினால் சிற்றுயிர்கள் மடியும் எனத் தடுத்த சமணர், அடிகள் மறுமொழி கூறியபொழுது, கண்ணிலாதிருந்ததோடு செவியும் இழந்தீரோ என்று எள்ளுகின்றனர். எள்ளியதோடு அமையாது, தறியையும் கயிற்றையும் மண்வெட்டியையும் பறிக்கின்றனர். அடிகள் அதுகாறும் தம் குறைபற்றி எவரிடத்தும் முறையிட்டவரல்லர். பிறந்த நாள் தொட்டுக் கண்ணில்லை; அதற்காக இறைவனிடம் வழக்குரைத்ததாகப் புராணம் கூறவில்லை. கயிறு பறிபோன அன்றுதான் முறையிடுகின்றார். கண்ணின்மை அவர் தொண்டினைத் தடுக்கவில்லை, கயிறின்மையே தடுத்தது. இவ்விரண்டும் வேறு என்பதனை 12-ஆம் நூற்றாண்டு நூல் ஒன்று இத்துணைத் தெளிவாக வைத்திருப்பவும், நம் உரைகள் இரண்டனையும் ஒன்றாக்கிவிட்டன.

இப்புராணத்தின் முடிவு நமக்கு உவப்பானதன்று என்பதனையும் மறைக்க வேண்டுவதில்லை. அடிகள் கண்பெறச் சமணர் கண்ணிழக்கின்றனர். குருடு என்பது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாற்றித் தரப்படும் தண்டனையாகின்றது. சித்தன்னவாசலைத் தன்னகத்தே கொண்ட புதுக்கோட்டை மாவட்டத்தில் இருந்து இப்பகுதியைப் பாடஞ்சொல்லுவார்க்குச் சமயப் பூசலின் கசப்பு எளிதிற் புலப்படும். சமணரைப் பற்றிய செய்தி அப்பூசலின் பாற்பட்டது. கயிறு பற்றிய செய்தி அப்பூசலுக்கு எவ்வகையிலும் வேண்டாதது. ஆதலின் பின்னதனை நம்பத் தடையில்லை.

சுந்தரர் வரலாறு இதனோடு வைத்து எண்ணத்தக்கது. திருத்தொண்டத் தொகையில் தண்டியடிகளை நினையும் சுந்தரர், கண்ணையும் விருப்பத்தையும் ஒருங்கே குறிக்கும் நாட்டம் என்னும் சொல்லை அவர்க்கு அடையாக்கினார். பின்னர்த் திருவொற்றியூரில் சங்கிலியார்க்குக் கூறிய சூளுரையைக் கடந்து புறப்பட்டபொழுது அவரே கண்ணிழக்கின்றார். திருவெண்பாக்கத்தில் அவர்க்குக் கிடைத்தது கண்ணன்று, ஊன்றுகோல். இடக்கண் கச்சியிலும் வலக்கண் திருவாரூரிலும் பின்னர்க் கிடைக்கின்றன. சேக்கிழார் வகுத்த இந்நிரலில், இழப்புக்கும் மீட்புக்கும் இடையே ஒரு கோலும் நெடுவழியும் இருக்கின்றன. ஆனால் சுந்தரர் பாட்டிற் காணப்படுவது வேறொரு குரல். திருவாரூரை நோக்கிய ஏழாம் திருமுறை 95-ஆம் பதிகத்தில், கண்காணாது மேட்டில் முட்டுதலையும் குழியில் வீழ்தலையும் சொல்லி, இவ்வாறு அடியாரை வைத்துவிட்டு நீர் மட்டும் நன்றாக வாழ்ந்து போவீராக என்று இறைவனையே இடித்துரைக்கின்றார். அகக்கண் பற்றிய ஆறுதல் எதுவும் ஆண்டில்லை. மேடும் பள்ளமுமே உள்ளன. கண்ணிழந்தார் நிலையைப் பிறர் கூறுமிடத்துத் தத்துவம் மிகுதலும், அவர் தாமே கூறுமிடத்து வழியும் பள்ளமும் மிகுதலும் ஒப்பிட்டு ஆராய்தற்குரியன.

இலக்கியத்தை விடுத்துக் கல்வெட்டிற்கு வருவோம். விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர்க் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டு ஒன்று, திருப்பதியம் விண்ணப்பம் செய்வதற்குக் குருடர் பதினாறு பேரும் அவர்க்குக் கண்காட்டுவார் இருவரும் வைக்கப்பட்டமையையும், அவர்க்கு நிவந்தம் அமைந்தமையையும் தெரிவிக்கின்றது. பதிகம் பாடுவார்க்கு நிவந்தம் அளித்த கல்வெட்டுகள் பல. இதன் சிறப்பு வேறு. பாடுவார் பதினாறு பேரை அமர்த்தியவர், அவர் இல்லத்திலிருந்து கோயிலுக்கு வருவது எவ்வாறு என்பதனையும் எண்ணி, அதற்கென இருவரை ஊதியத்தோடு அமர்த்தியிருக்கின்றனர். கண்காட்டுதல் என்னும் சொல்லாட்சி நோக்கத்தக்கது. கைப்பிடித்தல், இழுத்துச்செல்லுதல் என்னாது, கண்ணாகிய ஒன்றனை வேண்டும்பொழுது காட்டுதல் என அது ஒரு பணியின் பெயராய் நிற்கின்றது. பாடுதல் ஒரு பணி. கண்காட்டுதல் மற்றொரு பணி. இரண்டிற்கும் நெல் அளக்கப்பட்டது. இதனை அறச்செயல் என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. பதினாறு பேரும் இரவலராக அன்றிப் பணியாளராகக் கணக்கிலே எழுதப்பட்டிருத்தலின்.

இங்கே ஒரு வினா எழும். கண்ணிலார் திருப்பதியம் பாடுதற்குத் தகுதியுடையராயது எங்ஙனம்? விடை எளிது. பதிகம் ஏட்டைப் பார்த்துப் பாடப்படவில்லை. கேட்டு, பண்ணோடு மனங்கொண்டு பாடப்பட்டது. அக்காலக் கல்வியின் பெரும்பகுதி இவ்வகையினது. திண்ணைப் பள்ளியிற் சிறுவன் மணலில் விரலால் எழுதினான், உரக்க ஓதினான், நிகண்டும் எண்சுவடியும் நெட்டுருச் செய்தான். மணலில் எழுதிய எழுத்து கண்ணுக்கு உரியதாதல் போல விரலுக்கும் உரியது. ஆசிரியர் தாமும் சுவடியைப் புரட்டாமலே பாடஞ்சொன்னவர். இத்தகைய பள்ளியிற் கண்ணிலாச் சிறுவன் இடர்ப்பட்டான் என்பதில் ஐயமில்லை; எனினும் அவன் முற்றும் புறத்தே நிறுத்தப்பட்டவனல்லன். 17-ஆம் நூற்றாண்டில் செங்கற்பட்டை அடுத்த பொன்விளைந்த களத்தூரிலிருந்து ஓர் அந்தகக்கவி தோன்றியதும், 19-ஆம் நூற்றாண்டில் பழனியில் 1836-இல் பிறந்து அம்மைநோயாற் சிறுவயதிலேயே பார்வையிழந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலர் சேதுபதி அவையில் விளங்கியதும் இக்கல்வி முறையோடு தொடர்புடையன என்க. வீரராகவ முதலியார் தம் முதுகில் பிறரை எழுதச் செய்து எழுத்துணர்ந்தார் என்னும் வழக்கு மெய்யோ அன்றோ, அவ்வாறு கற்றல் இயலும் என்று ஒரு காலத்தார் நம்பியமை மெய்.

வீரராகவர் திருக்கழுக்குன்றப் புராணமும் சேயூர்க் கலம்பகமும் சந்திரவாணன் கோவையும் திருவாரூர் உலாவும் பாடியவர். ஆயினும் மக்கள் நாவில் நிற்பது அவர் தனிப்பாடல் ஒன்று. வழியிடையில் அவர் வைத்திருந்த கட்டுச்சோற்றை நாயொன்று கவ்விச் சென்றது. அதனை அவர் பாடுமிடத்து, நாயை வைரவன் ஊர்தி என்றும், சோற்றை நான்முகன் ஊர்தியாகிய அன்னம் என்றும், அது பறந்துபோயிற்று என்பதனைத் திருமால் ஊர்தியாகிய கருடன் ஆயிற்று என்றும், இறுதியில் ஆட்டை ஊர்தியாகக் கொண்ட தீக்கடவுள் தம் வயிற்றைப் பற்றிக்கொண்டான் என்றும் அடுக்குகின்றார். இப்பாட்டைச் சொல்விளையாட்டுக்கு எடுத்துக்காட்டாகக் கூறி மகிழ்வது நம் வழக்கம். மகிழ்தற்குரியதே. ஆனால் நாய் வருதலைக் காணவியலாத ஒருவர், நெடுவழி நடந்து, அடுத்த ஊர் எட்டும்வரை உண்ண வேறொன்றின்றிப் பசித்திருந்த நிலையே பாட்டின் நிலைக்களம். நான்கு ஊர்திகளை நிரல்படச் சொன்னவர் அவற்றுள் ஒன்றேனும் தமக்கின்றி நடந்தவர். பசியைத் தெய்வமாக்கி நகைத்த நகை அது. அந்நகையில் இரக்கத்தை வேண்டும் சொல் ஒன்றும் இல்லை என்பதே அதன் பெருமை.

இரட்டைப் புலவரைப் பற்றிச் சிறிது மிகுத்துக் கூறவேண்டும். 14 அல்லது 15-ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் இவ்விருவருள் ஒருவர் காலிலார், ஒருவர் கண்ணிலார். கண்ணிலார் சுமப்பக் காலிலார் வழிகாட்டுவர் என்பது வழக்கு. ஒரு வெண்பாவின் முன்னிரண்டடியை ஒருவர் பாடப் பின்னிரண்டடியை மற்றவர் முடிப்பர். மதுரைப் பொற்றாமரையில் ஆடை தோய்க்கையில் அது நீரோடு நழுவியபொழுது பாடியதாக ஒரு வெண்பா வழங்குகின்றது. நாம் அதனைப் பலகால் அடித்துத் தோய்த்தால் அது நம்மை விட்டுத் தப்பாதோ என்று ஒரு குரல் கேட்க, இந்தக் கலிங்கம் போனால் என்ன, சொக்கலிங்கம் துணை இருக்கின்றது என்று மறுகுரல் அமைகின்றது. கலிங்கம், லிங்கம் என்னும் ஒலி நயமும், தப்புதல் என்னும் சொல்லின் இருபொருளும் உரைகளில் விளக்கப்பட்டுள்ளன. ஆடை போவதனைக் கண்டவர் ஒருவர், ஆற்றுபவர் மற்றொருவர் என்னும் பங்கீடு விளக்கப்படவில்லை. அவர் நடந்த முறையும் பாடிய முறையும் ஒன்றே. தோளையும் கண்ணையும் மாற்றிக்கொண்டது போலவே அடியையும் தொடையையும் மாற்றிக்கொண்டனர். பாட்டின் இறுதிச்சொல் துணை என்பது. அச்சொல் இறைவனைக் குறித்ததாயினும், அதனைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் ஒரு துணை இருந்தது.

இவர்கள் திருவாமாத்தூர்க் கலம்பகமும் பாடியிருக்கின்றனர். கோயில் ஆற்றின் எக்கரையில் உள்ளது என்பதனை அவர் பிழைபடப் பாடினர் என்றும், பின்னர் வெள்ளம் வந்து ஆறே போக்கு மாறிப் பாட்டை மெய்யாக்கிற்று என்றும் ஒரு கதை உண்டு. கண்ணிலார் பாடியதாதலின் கரை தவறிற்று என்பர் சிலர். இருவருள் ஒருவர்க்குக் கண் நன்றாகவே இருந்தது என்பதனை அவர் மறந்தனர்போலும். சோழர் காலத்தே கண்ணிலாப் பாடகர் பதினாறு பேர் பணிபுரிந்த அதே கோயிலுக்குப் பின்னொரு நாள் கண்ணிலாப் புலவர் ஒருவர் கலம்பகத்தோடு வந்தார் என்பதனைத் தற்செயல் என்றே யாமும் கொள்கின்றோம். ஆயினும் திருவாமாத்தூர் பற்றி எழுதுவோர் கல்வெட்டை ஒரு நூலிலும் கலம்பகத்தை வேறொரு நூலிலும் வைத்து, இரண்டையும் ஒருசேர நோக்காது விடுதல் ஆராய்ச்சிக்கு இழப்பு.

அச்சுக்கலை பரவிய பின்னர் இந்நிலை மாறிற்று. நூல்கள் பெருகின, மனனம் இழிந்த கல்வியாகக் கருதப்பட்டது, கல்வி என்பது கண்ணால் தாளைப் பார்த்தல் என ஆயிற்று. இம்மாற்றத்தால் பெற்ற நன்மை பெரிது. ஆனால் கேள்வியால் கற்றவன் கற்றவன் அல்லன் என்னும் எண்ணமும் உடன் வந்தது. இதற்கு இன்றைய சான்று மக்கட்தொகைக் கணக்கெடுப்பு. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், ஏழு வயதும் அதற்கு மேலும் உடையாருள் ஏதேனும் ஒரு மொழியைப் பொருளறிந்து எழுதவும் படிக்கவும் வல்லவரே எழுத்தறிந்தவர். பார்வையற்றவராயின் பிரெயில் முறையிற் படிக்க வல்லவர் எழுத்தறிந்தவராகக் கொள்ளப்படுவர். பிரெயிலைச் சேர்த்தமை போற்றத்தக்கது. எனினும் திருவாமாத்தூர்ப் பதினாறு பேரும் இன்று வாழ்ந்திருப்பின், தேவாரம் முழுவதும் நெஞ்சிற் கொண்டவராகவே எழுத்தறியாதவர் பட்டியலில் எழுதப்பட்டிருப்பர்.

புதுக்கோட்டை மாவட்டத்தார்க்கு இவ்வெழுத்தறிவுக் கணக்கு புதியதன்று. 1991-இல் இங்கு எழுந்த அறிவொளி இயக்கம், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தோடும் ஊதியம் வேண்டாத் தொண்டர் பலர் உழைப்போடும் நடைபெற்றது. கல்லுடைக்கும் மகளிரும் வயலில் உழைக்கும் மகளிரும் மாலையில் கூடிப் படித்தனர். மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். அவ்வியக்கத்தை எழுத்து இயக்கமாகவே எண்ணுகின்றோம். அதன் நடைமுறையை உற்றுநோக்கின், அது வீதி நாடகத்தாலும் பாட்டாலும் கூடிப் பேசுதலாலும் நிகழ்ந்தது. செவியே அதன் வாயில். எழுத்து கடைசியில் வந்தது. ஊரார் ஒருவர் மற்றொருவர்க்கு ஒரு மணிநேரம் தருதல் என்பதே அதன் முதல். பார்வையற்றார்க்கு நூலை வாசித்துக் காட்டும் தொண்டிற்கும் வேண்டுவது அதுவே. ஒரு மாவட்டம் முழுவதும் அறிந்து, செய்து, பழகிய முறை அது. இன்று அதனைக் கல்லூரித் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளுதற்குப் புதிய கருவியோ பெரும்பொருளோ வேண்டுவதில்லை.

பிரெயில் எழுத்தைப் பற்றித் தமிழிலக்கணம் பயில்வோர் அறியவேண்டுவது ஒன்றுண்டு. பாளையங்கோட்டையில் 1890-இல் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பள்ளி தமிழ்நாட்டுப் பார்வையற்றோர் கல்விக்குத் தொடக்கமாயிற்று. இந்திய மொழிகள் பலவற்றிற்கும் பொதுவான பாரதி பிரெயில் 1951-இல் வரையறுக்கப்பட்டது. ஆறு புள்ளிகளின் சேர்க்கையால் ஆகும் இம்முறையில், தமிழுக்கு 247 வடிவங்கள் வேண்டுவதில்லை. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம், மெய்யைக் குறிக்கும் ஒரு புள்ளி என்பவை போதும். அச்சுத்தமிழில் கெ என்னும் எழுத்தில் ஒற்றைக்கொம்பு ககரத்திற்கு முன் நிற்கின்றது; கொ என்பதில் உயிர்க்குறி ககரத்தின் இருமருங்கும் நிற்கின்றது. பிரெயிலில் முதலில் க, அதன்பின் எ அல்லது ஒ. மெய்யின் வழியே உயிர் தோன்றும் எனத் தொல்காப்பியர் நூன்மரபில் வகுத்த நிலை அச்செழுத்தினும் பிரெயிலில் செவ்விதாக விளங்குகின்றது. மெய்க்குரிய புள்ளியோ, அச்சில் எழுத்தின் தலைமேல் இருக்க, பிரெயிலில் எழுத்துக்கு முன்னரே வருகின்றது. வருவது தனிமெய் என்பதனை விரல் முன்கூட்டியே அறிந்துகொள்கின்றது. தமிழ் நெடுங்கணக்கைப் பற்றி எழுதப்பெறும் ஆய்வுகளில் வட்டெழுத்தும் தமிழியும் இடம்பெறுகின்றன. வீரமாமுனிவரின் திருத்தமும் பெரியாரின் திருத்தமும் இடம்பெறுகின்றன. பிரெயில் மட்டும் இடம்பெறுவதில்லை. அதனை மருத்துவத்தின் பாற்பட்டதாக எண்ணி ஒதுக்கிவிட்டனர். அது தமிழ் எழுத்து வரலாற்றின் ஓர் அதிகாரம்.

இனி, நூல் கிடைக்கும் வழி. சட்டம் இன்று தடையாக இல்லை. 2012-இல் திருத்தப்பெற்ற இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், குறையுடையார் அணுகத்தக்க வடிவில் நூல்களை மாற்றிக்கொள்ள இடந்தருகின்றது. இதே நோக்கமுடைய மராக்கேஷ் உடன்படிக்கையை 2014-இல் முதன்முதல் உறுதி செய்த நாடு இந்தியா. தடை நம் பதிப்பு முறையிலேயே உள்ளது. பழைய நூல்களைப் படமாக எடுத்துக் கணினியில் இடுதலோடு பணி முடிந்ததாக எண்ணுகின்றோம். படத்தைத் திரைவாசிப்பான் வாசிக்காது. அதற்கு அது வெறுந்தாள். பழைய எழுத்துருக் குறியீட்டில் அமைந்த ஆய்வேட்டை வாசிக்கப் புகுந்தாலோ பொருளற்ற ஒலிகளே வரும். 1998-இல் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் பலர் தட்டச்சிட்டும் பிழைதிருத்தியும் தந்த எழுத்துவடிவ நூல்களால் வளர்ந்தது. பார்வையற்றோரை முதன்மையாகக் கருதித் தொடங்கப்பட்டதன்று அது. ஆயினும் சங்க நூலைத் தம் செவியால் தாமே படிக்கப் பார்வையற்ற மாணாக்கர்க்கு அது வாயிலாயிற்று. வாயில் திறந்ததும் வேறோர் இடர் தோன்றுகின்றது. சீர் பிரித்து அச்சிட்ட செய்யுளைக் கருவி சீர்தோறும் அறுத்து வாசிக்கின்றது. சொல் பாதியிற் பிளந்து பொருள் மறைகின்றது. சந்தி பிரித்த பாடம் ஒன்றை மூலத்தோடு உடன் தருதல் புலமைக்கு இழுக்கு என்று கருதும் பதிப்பாசிரியர் இன்னும் உளர். மூலத்தை நீக்கித் தருவதே இழுக்கு. உடன்வைத்துத் தருவது இழுக்கன்று.

புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் கிருஷ்ணமூர்த்தி, டோரதி இணையர் உருவாக்கிய ஞானாலயா ஆய்வு நூலகத்திற்கு, முதற்பதிப்புகளையும் பழைய இதழ்களையும் தேடி ஆராய்ச்சியாளர் பல ஊர்களிலிருந்தும் வருகின்றனர். தனியொருவர் முயற்சியால் இத்துணை நூல் திரண்ட இடம் தமிழகத்தில் அரிது. அத்தகைய இடத்திற்குப் பார்வையற்ற ஆய்வாளர் ஒருவர் வருவாராயின் அவர்க்கு முதலில் வேண்டுவது அட்டவணையன்று. பக்கத்தில் அமர்ந்து வாசிக்கும் ஒருவர். நூலை நாடி வரும் ஆய்வாளரோடு கண்காட்டுவார் ஒருவரை ஊதியத்தோடு அனுப்புதல் அவர் பயிலும் பல்கலைக்கழகத்தின் கடமையாகும். நூலகத்தின் மேல் அதனை ஏற்றுதல் முறையன்று. ஆய்வுநிதிக் கணக்கில் பயணச்செலவுக்கும் படியெடுத்தற்கும் தலைப்புண்டு. வாசிப்பார்க்கும் ஒரு தலைப்பு வேண்டும்.

தேனி சீருடையானின் ‘நிறங்களின் உலகம்’ பார்வையற்ற மாணாக்கரின் பள்ளி வாழ்வை உள்ளிருந்து கூறும் புதினம். இவ்வகையின பாடத்திட்டத்தில் வருதல் நன்று. ஆயினும் பாடத்தினும் தேர்வே இன்று மாணாக்கரை வருத்துவது.

தேர்வில் பார்வையற்ற மாணாக்கர் சொல்ல மற்றொருவர் எழுதுகின்றார். மணிக்கு இருபது மணித்துளி மிகுநேரம் உண்டு. நடுவண் அரசின் 2018-ஆம் ஆண்டு நெறிமுறை, தேர்வர் தாமே அழைத்துவரும் எழுத்தர் அவரினும் ஒருபடி குறைந்த கல்வியுடையராதல் வேண்டும் என்றது. முறைகேட்டைத் தடுத்தற்கு அது அமைந்தது. கணக்கிற்கும் வரலாற்றுக்கும் அது ஒருவாறு பொருந்தலாம். தமிழ் முதுகலைத் தேர்வுக்கு வரும்பொழுது அதன் விளைவு வேறு. லகர ளகர ழகரமும், ரகர றகரமும், னகர ணகரமும் எழுதுவார் காதில் ஒன்றாகவே விழுகின்றன. அளபெடையை அவர் பிழையெனத் திருத்திவிடுகின்றார். கூவிளங்கனி என்று மாணாக்கர் சொல்ல, அச்சொல்லை வாழ்நாளில் கேட்டிராத எழுத்தர் பழத்தின் பெயரொன்றை எழுதுகின்றார். நச்சினார்க்கினியர் பெயர் எத்துணை வடிவம் கொள்ளும் என்பதனை விடைத்தாள் திருத்துவோர் அறிவர். இப்பிழைகட்கு மதிப்பெண் குறைப்பவர், எழுதியவரின் பிழையைச் சொன்னவர்மேல் ஏற்றுகின்றார். சொன்னவர் ழகரத்தைச் செவ்வனே ஒலித்திருப்பார். அவ்வொலிக்குத் தாளில் இடமில்லை.

இதற்குத் தீர்வு அரிதன்று. எழுத்தர் வழி எழுதிய விடைத்தாளில் ஒலியொப்புடைய எழுத்துப் பிழைகட்கு மதிப்பெண் குறைத்தல் கூடாது எனத் தேர்வுக்குழு ஒரு தீர்மானத்தால் விதிக்கலாம். பிரெயிலிலோ கணினியிலோ தாமே எழுத விரும்புவார்க்கு அவ்வழி திறந்திருத்தல் வேண்டும். யாப்பும் அணியும் பற்றிய தாளுக்கு எழுத்துத் தேர்வோடு வாய்மொழித் தேர்வும் வைத்து, மாணாக்கர் செய்யுளை ஓதி அசை பிரித்துக் கூறச் செய்யலாம். ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வு நெடுங்காலமாக நடைபெறுகின்றது. அதனை முதுகலைக்குக் கொணர்வதில் விதித் தடை பெரிதாக இராது. அடுத்த கல்வியாண்டுக்குரிய பாடத்திட்டக் குழுக் கூட்டத்திலேயே இவற்றை முன்வைக்கலாம் என்பது எம் கருத்து.